கடன் கொலராடோவில், வட்டிச் சட்டம் யூட்டாவில்

அமெரிக்காவில் வங்கி தொடங்க இரண்டு வழிகள் உண்டு. வாஷிங்டனில் உள்ள நாணயக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் என்னும் மத்திய அரசு அமைப்பிடம் பட்டயம், அதாவது வங்கியாக இயங்குவதற்கான சட்ட உரிமை, பெற்றால் அது தேசிய வங்கி. ஐம்பது மாநிலங்களுள் ஏதேனும் ஒன்றன் வங்கித் துறையிடம் அந்த உரிமையைப் பெற்றால் அது மாநிலப் பட்டய வங்கி. இந்தியாவில் வணிக வங்கிக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கி ஒன்றிடமே இருப்பதால், தமிழ்நாடோ கேரளமோ தனியார் வங்கி ஒன்றுக்கு உரிமம் கொடுப்பதை இங்குள்ளோர் எளிதில் எண்ணிப் பார்க்க இயலாது. 'ஸ்டேட் பாங்க்' என்றதும் அரசு வங்கி என்றே தோன்றும். அமெரிக்க மாநிலப் பட்டய வங்கிகளோ பங்குதாரர்களுக்குச் சொந்தமான தனியார் நிறுவனங்கள். மாநில அரசே உரிமையாளராக இருந்து நடத்தும் வங்கி, 1919-இல் தொடங்கப்பெற்ற வடக்கு டகோட்டா வங்கி ஒன்றுதான். நாட்டின் வணிக வங்கிகளுள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை மாநிலப் பட்டயம் பெற்றவை. ஜேபி மார்கன் சேஸ், பாங்க் ஆஃப் அமெரிக்கா போன்ற பெருவங்கிகள் தேசியப் பட்டயம் கொண்டவை என்பதால் சொத்து மதிப்பில் மட்டும் தேசிய வங்கிகளின் கை ஓங்கியிருக்கிறது.

மாநிலப் பட்டய வங்கியின் கடன் தொழிலை இரண்டு வரம்புகள் கட்டுப்படுத்துகின்றன: ஒருவருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது ஒன்று, அதற்கு எவ்வளவு வட்டி வாங்கலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வங்கிச் சட்டத்தில் அருகருகே பேசப்பட்டாலும், அவை காப்பது வெவ்வேறு மனிதர்களை. கடன் தொகைக்கான வரம்பு வங்கியில் பணம் போட்டவரைக் காக்கிறது. வட்டிக்கான வரம்பு வங்கியில் கடன் வாங்கியவரைக் காக்கிறது. ஆகவே முதலாவது வரம்பை வங்கிக்குப் பட்டயம் கொடுத்த மாநிலம் வகுப்பதும், இரண்டாவதைக் கடனாளி வாழும் மாநிலம் வகுப்பதும்தான் நியாயம். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவில் இரண்டுமே வங்கியின் இருப்பிடத்தையே பின்பற்றி வருகின்றன. யாரும் திட்டமிட்டு இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்த சட்டங்களும் தீர்ப்புகளும், ஒவ்வொன்றும் தன்னளவில் காரணம் உடையதாக இருந்தும், இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன.

கடன் தொகை வரம்பின் தேவையை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வங்கியின் பணம் ஒரே கடனாளியிடம் குவிந்துவிட்டால் அவர் நொடிக்கும் நாளில் வங்கியும் நொடிக்கும் என்பதால், ஒருவர் பெயரில் நிலுவையில் இருக்கும் மொத்தக் கடன், வங்கியின் மூலதனமும் உபரி நிதியும் சேர்ந்த தொகையில் இத்தனை சதவீதத்தைத் தாண்டலாகாது என்று சட்டம் வரையறுக்கிறது. தேசிய வங்கிகளுக்கு இந்த வரம்பு நெடுங்காலம் 10 சதவீதமாக இருந்து, 1982-இல் கார்ன்-செயின்ட் ஜெர்மெய்ன் சட்டத்தால் 15 சதவீதமாக உயர்ந்தது. அரசுப் பத்திரம், பங்கு முதலிய, சந்தையில் உடனே விற்றுக் காசாக்கத்தக்க பிணை இருந்தால் மேலும் 10 சதவீதம் கொடுக்கலாம். மாநிலப் பட்டய வங்கிகளுக்கு அந்தந்த மாநிலமே வரம்பு வகுக்கிறது. கலிஃபோர்னியாவில் பிணையற்ற கடனுக்கு 15 சதவீதம், பிணையுள்ளதும் அற்றதும் சேர்த்து 25 சதவீதம். டெக்சஸிலும் இல்லினாயிலும் 25 சதவீதம்.

இந்த வேறுபாடு சிற்றூர் ஒன்றில் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கால் காணலாம். டெக்சஸில் பருத்தி விளையும் வட்டாரம் ஒன்றில், தலா 2 கோடி டாலர் மூலதனம் கொண்ட இரண்டு வங்கிகள், ஒன்று தேசியப் பட்டயத்துடனும் மற்றொன்று மாநிலப் பட்டயத்துடனும் இருப்பதாகக் கொள்வோம். அவ்வூர்ப் பருத்தி ஜின்னிங் ஆலை புதிய இயந்திரங்களுக்காக 45 லட்சம் டாலர் கேட்டு வந்தால், தேசிய வங்கி தன் 15 சதவீத வரம்புப்படி 30 லட்சத்தோடு நின்றுவிட வேண்டும். எஞ்சிய 15 லட்சத்தைப் பங்கேற்புக் கடன் என்னும் முறையில் வெளியூர் வங்கி ஒன்றிடம் தள்ளிவிட்டால்தான் ஆலைக்கு முழுத் தொகையும் கிடைக்கும். மாநிலப் பட்டய வங்கிக்கு வரம்பு 50 லட்சம் என்பதால் அது தானே முழுக் கடனையும் கொடுத்துவிடும். ஊரில் உள்ள பெரிய கணக்கை எந்த வங்கி வைத்துக்கொள்கிறது என்பது இந்தப் பத்துச் சதவீத வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. ஆலையின் பெயரில் பாதியும் முதலாளியின் பெயரில் பாதியுமாகக் கடனைப் பிரித்து எழுதி வரம்பிலிருந்து தப்பவும் வழியில்லை. திருப்பிச் செலுத்தும் வருவாய் ஒரே மூலத்திலிருந்து வருமானால் இரண்டையும் ஒருவர் பெயரிலேயே கூட்டிக் கணக்கிட வேண்டும் என்பதே பொதுவான விதி.

இதில் மாநிலங்களின் கை முழுவதும் அவிழ்த்துவிடப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாகாது. வைப்புத்தொகைக்குக் காப்பீடு வழங்கும் மத்திய வைப்புக் காப்பீட்டுக் கழகம் மாநிலப் பட்டய வங்கிகளையும் மேற்பார்க்கிறது. தேசிய வங்கிக்கு அனுமதியில்லாத தொழில் எதையும் மாநிலப் பட்டய வங்கி தன் பணத்தைப் போட்டு நடத்த வேண்டுமானால் அந்தக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. வங்கியின் இயக்குநர்களுக்கும் அவர்களுடைய நிறுவனங்களுக்கும் கொடுக்கும் கடனுக்கு மத்திய விதிகளே செல்லும். 2008-ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம், டெரிவேட்டிவ் எனப்படும் வழிப்பொருள் ஒப்பந்தங்களால் ஒருவரிடம் வங்கிக்கு ஏற்படும் இடரையும் கடன் வரம்பில் சேர்த்துக் கணக்கிடும் மாநிலங்களின் வங்கிகள் மட்டுமே அத்தகைய ஒப்பந்தங்களில் ஈடுபடலாம் என்று நிபந்தனை வைத்தது. இவ்வளவும் வங்கி கவிழாமல் பார்த்துக்கொள்வதற்கான ஏற்பாடுகள்; வங்கி கவிழ்ந்தால் சுமை வைப்பீட்டாளர் மீதும் காப்பீட்டுக் கழகத்தின் மீதும் விழும் என்பதால், பட்டயம் கொடுத்த மாநிலமும் காப்பீடு கொடுத்த மத்திய அமைப்பும் சேர்ந்து அவற்றை வகுப்பதில் குறைகாண ஒன்றுமில்லை.

மாநிலப் பட்டயத்துக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வந்தது என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் 1860-களில் அது அழிந்துபோகும் என்றே பலரும் கருதினர். உள்நாட்டுப் போரின் நடுவே 1863-இலும் 1864-இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் தேசிய வங்கிகளைத் தோற்றுவித்தன. அடுத்த ஆண்டிலேயே, மாநில வங்கிகள் வெளியிட்டுவந்த பணத்தாள்களின் மீது 10 சதவீத வரி விதித்து நாடாளுமன்றம் அவற்றின் மூச்சை நிறுத்த முயன்றது. 1869-இல் உச்ச நீதிமன்றமும் அந்த வரி செல்லும் என்றது. பணத்தாள் வெளியிட இயலாமற்போன மாநில வங்கிகள், காசோலை எழுதிப் பணம் எடுக்கும் நடப்புக் கணக்குகளை வளர்த்துப் பிழைத்துக்கொண்டன. தேசிய வங்கிகள் நிலத்தை அடமானமாகக் கொண்டு கடன் கொடுப்பதை 1864-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. 1913-இல் ஃபெடரல் ரிசர்வ் சட்டம் வந்த பின்னரே பண்ணை நிலத்தின் மீது கடன் கொடுக்க அவற்றுக்கு ஓரளவு இடம் கிடைத்தது. உழவனிடம் நிலத்தைத் தவிர வேறு பிணை இல்லாத நாட்டில், நிலத்தின் மீது கடன் கொடுக்க உரிமை பெற்றிருந்த மாநில வங்கிகள் ஊர்தோறும் முளைத்ததிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் முன்பே எண்ணிக்கையில் தேசிய வங்கிகளை விஞ்சியதிலும் வியப்பில்லை.

வட்டி வரம்பின் கதை இதைவிடச் சிக்கலானது. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அந்நாட்டு மிகைவட்டித் தடைச் சட்டங்களையும் உடன்கொண்டு வந்தனர். பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுக்கு 6 முதல் 8 சதவீதம் வரையிலான வட்டியே முறையான வட்டியாகக் கருதப்பட்டது. நியூயார்க் 7 சதவீதமாக இருந்த தன் வரம்பை 1879-இல் 6 சதவீதமாகக் குறைத்தது. ஆர்கன்சாஸ் இன்னும் ஒரு படி மேலே சென்று, 10 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று 1874-இல் தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 50 டாலர், 100 டாலர் எனச் சிறு கடன் தேடும் தொழிலாளிக்கு இந்த வரம்புக்குள் கடன் கொடுக்க எந்த வங்கியும் முன்வராததால் கந்துவட்டிக்காரர்களே வழி என்றாகிவிட, ரசல் சேஜ் அறக்கட்டளை 1916-இல் ஒரு மாதிரிச் சட்டத்தை உருவாக்கியது: உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் 300 டாலர் வரையிலான கடனுக்கு மாதம் மூன்றரை சதவீதம் வரை வாங்கலாம். ஆண்டுக்கு 42 சதவீதம் என்பது இன்றைக்கும் பெரிய வட்டிதான். ஆனால் சிறு கடனைக் கொடுத்து வசூலிக்கும் செலவு பெருங்கடனுக்கு ஆகும் செலவைவிடப் பெரிதாகக் குறைவதில்லை என்ற உண்மையை அச்சட்டம் ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு காசும் கூடாது என்று கோடு கிழித்தது. வட்டி வரம்பை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இன்று பேசுவதைவிடத் தெளிவான பார்வை அது.

தேசிய வங்கிகளுக்கான வட்டி விதி 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவில் இடம்பெற்றது. வங்கி அமைந்திருக்கும் மாநிலத்தின் சட்டம் அனுமதிக்கும் வட்டியைத் தேசிய வங்கி வாங்கலாம். மாநிலம் வரம்பு எதுவும் வைக்கவில்லையானால் 7 சதவீதம் வாங்கலாம். வரம்பை அறிந்தே மீறினால் வட்டி முழுவதையும் வங்கி இழக்கும். கடனாளி ஏற்கெனவே செலுத்திவிட்டிருந்தால் அதைப்போல் இருமடங்கை இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்துத் திரும்பப் பெறலாம். மத்திய அரசின் புதிய வங்கிகளை வெறுத்த மாநிலங்கள் அவற்றுக்கு மட்டும் வட்டியைக் குறைத்து நசுக்கிவிடுமோ என்ற அச்சம் அன்று இருந்தது. மிசூரி மாநிலம் தன் வங்கிகளுக்கு 8 சதவீதமும் மற்றவர்களுக்கு 10 சதவீதமும் அனுமதித்திருந்த நிலையில், தேசிய வங்கி இவற்றுள் எதை வாங்கலாம் என்ற வழக்கு 1873-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, மாநிலத்தில் யாருக்கு அதிக வட்டி அனுமதிக்கப்படுகிறதோ அந்த வட்டி தேசிய வங்கிக்கும் உண்டு என்று தீர்ப்பாயிற்று. கடனாளியும் வங்கியும் ஒரே ஊரில் இருந்த காலம் அது. வங்கி அமைந்திருக்கும் மாநிலம் என்றாலும் கடனாளி வாழும் மாநிலம் என்றாலும் நடைமுறையில் ஒன்றே.

கிரெடிட் கார்டு இந்த இரண்டையும் பிரித்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் இருந்த தேசிய வங்கி ஒன்று, மின்னசோட்டா மாநிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அஞ்சல் வழியாகக் கார்டு வழங்கி, நெப்ராஸ்கா சட்டம் இடம்கொடுத்தபடி நிலுவையில் முதல் 999.99 டாலருக்கு 18 சதவீதமும் அதற்கு மேற்பட்ட தொகைக்கு 12 சதவீதமும் வட்டி வாங்கியது. மின்னசோட்டாவின் வரம்போ 12 சதவீதம். தன் மாநில வரம்புக்குக் கட்டுப்பட்டு, ஆண்டுக் கட்டணம் வாங்கிக் கார்டுத் தொழில் நடத்த முனைந்த மினியாபொலிஸ் நகர வங்கி வழக்குத் தொடுத்தது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒருமித்த தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னன், வங்கி அமைந்திருப்பது நெப்ராஸ்காவில்தான், கடனாளி எங்கிருந்து கார்டைத் தேய்க்கிறார் என்பதால் அது மாறாது என்றார். மாநிலங்களின் வட்டிச் சட்டங்கள் இதனால் வலுவிழக்கக்கூடும் என்ற வாதத்தை நீதிமன்றம் அறியாமல் இல்லை. அதைச் சரிசெய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது.

அதன் விளைவு விரைவாகவே தெரிந்தது. நியூயார்க்கின் வட்டி வரம்புக்கும் ஏறிக்கொண்டிருந்த பணவீக்கத்துக்கும் இடையே சிக்கிக் கார்டுத் தொழிலில் பெரும் நட்டம் கண்ட சிட்டிபாங்க், வால்டர் ரிஸ்டன் தலைமையில் வேறு இடம் தேடியது. 1980-இல் வட்டி வரம்பை நீக்கிய தெற்கு டகோட்டா மாநிலம், ஆளுநர் பில் ஜாங்க்லோவின் முயற்சியால் அதை வரவேற்க, 1981-இல் சூ ஃபால்ஸ் என்னும் சிறு நகரம் அந்த வங்கியின் கிரெடிட் கார்டுத் தலைமையிடமாயிற்று. அதே ஆண்டில் டெலவேரும் வங்கிகளை ஈர்க்கத் தனிச் சட்டம் இயற்றியது. சில ஆயிரம் வேலைகளுக்காகச் சிறு மாநிலம் ஒன்று எடுத்த முடிவு, அந்த மாநிலத்தைக் கண்ணால் காணாத கோடிக்கணக்கானோரின் வட்டியைத் தீர்மானிக்கும் நிலை அப்போது பிறந்தது. அவர்களுள் எவருக்கும் தெற்கு டகோட்டாவின் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை கிடையாது.

1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தேசிய வங்கிகளுக்கு மட்டுமே பொருந்தியது. மாநிலப் பட்டய வங்கிகள் தத்தம் மாநில வரம்புக்குள் அடைபட்டே இருந்தன. இந்த இக்கட்டு ஆர்கன்சாஸில் அளவு கடந்தது. 1980 ஏப்ரலில், வங்கிகள் தங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களிடம் வாங்கும் அடிப்படை வட்டியே 20 சதவீதத்தை எட்டியிருக்க, அம்மாநில அரசியலமைப்பு 10 சதவீதத்தில் நின்றது. 15 சதவீதம் கொடுத்துப் பணம் திரட்டி 10 சதவீதத்துக்குக் கடன் கொடுக்க எந்த வங்கியாலும் இயலாது. மாநில எல்லை ஊரின் நடுவே ஓடும் டெக்சர்கானாவில், தெருவின் மேற்குப் பக்கம் டெக்சஸ் சட்டமும் கிழக்குப் பக்கம் ஆர்கன்சாஸ் சட்டமும் நடந்தன. எல்லையோரம் வாழ்ந்த ஆர்கன்சாஸ் மக்கள் தவணையில் பொருள் வாங்க அடுத்த மாநிலக் கடைகளுக்குப் போனார்கள். எல்லையிலிருந்து தொலைவில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. வட்டி வரம்பு காலத்தோடு நகராமல் கல்லில் பொறித்ததாக இருந்தால் கடனாளிக்கே அது கேடாகும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை, வட்டி வரம்பை ஆதரிப்போர் இதை மறைத்துப் பேசுவதும் முறையாகாது. அம்மாநில மக்கள் 1982-இல் தங்கள் அரசியலமைப்பைத் திருத்தி, நுகர்வோர் கடனுக்கு 17 சதவீதம் என்ற புதிய உச்சவரம்புக்கு மாறினார்கள். வரம்பைக் கைவிடவில்லை, சரிசெய்துகொண்டார்கள்.

ஆனால் நாடாளுமன்றம் அதுவரை காத்திருக்கவில்லை. ஆர்கன்சாஸ் செனட்டர் டேல் பம்பர்ஸ் போன்றோர் மாநில வங்கிகளுக்கும் சம உரிமை வேண்டும் என்று வற்புறுத்தியதை அடுத்து, 1980 மார்ச் 31-இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட வைப்பு நிறுவனங்கள் சட்டத்தின் 521-ஆம் பிரிவு, தேசிய வங்கிகளுக்கு இருந்த வட்டி உரிமையை, ஏறத்தாழ அதே சொற்களில், வைப்புக் காப்பீடு பெற்ற எல்லா மாநிலப் பட்டய வங்கிகளுக்கும் கொடுத்தது. அதன்படி மாநிலப் பட்டய வங்கி தான் அமைந்திருக்கும் மாநிலத்தின் வட்டியையோ, நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும்போது வாங்கும் கழிவு வட்டியோடு ஒரு சதவீதம் கூட்டிய தொகையையோ, இரண்டில் எது அதிகமோ அதை வாங்கலாம். அந்த வசந்தகாலத்தில் கழிவு வட்டி 13 சதவீதம். ஆகவே 10 சதவீதத்தில் முடங்கியிருந்த ஆர்கன்சாஸ் வங்கி உடனே 14 சதவீதம் வாங்கும் உரிமை பெற்றது. தன் மாநிலத்தில் அனுமதிக்கப்பட்ட வட்டியை வெளிமாநிலக் கடனாளியிடமும் வாங்கும் உரிமை அதனோடு சேர்ந்தே வந்தது.

இரு வகை வங்கிகளுக்கும் இடையே சமத்துவம் என்ற நோக்கம் குறைகூறத்தக்கதன்று. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வங்கிகளுள் ஒன்றுக்கு 18 சதவீதமும் மற்றொன்றுக்கு 12 சதவீதமும் என்றிருந்தால் இரண்டாவது வங்கி தன் பட்டயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேசியப் பட்டயம் வாங்கிக்கொள்ளும். மாநில வங்கி முறையே காலப்போக்கில் தேய்ந்துபோகும். ஆனால் வங்கிகளைச் சமமாக்கிய அந்த விதி கடனாளிகளைச் சமமற்றவர்களாக்கியது. ஒரே மாநிலத்தில், ஒரே வருமானத்தில், அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இருவருள் உள்ளூர் நிறுவனத்தில் கடன் வாங்கியவருக்கு மாநில வரம்பின் காப்பு உண்டு, வெளிமாநில வங்கியில் வாங்கியவருக்கு இல்லை. 1992-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதை நேரடியாக உணர்ந்தது: கார்டுத் தவணை தவறியதற்குத் தாமதக் கட்டணம் வாங்குவதை அம்மாநிலச் சட்டம் தடுத்திருந்தும், டிஸ்கவர் கார்டு வழங்கிய டெலவேர் மாநிலப் பட்டய வங்கியான கிரீன்வுட் டிரஸ்ட் அதை வாங்கலாம், தாமதக் கட்டணமும் வட்டியின் ஒரு பகுதியே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 521-ஆம் பிரிவின் துணைகொண்டு தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றமும் தேசிய வங்கி ஒன்றின் வழக்கில் தாமதக் கட்டணம் வட்டியே என்ற அதே முடிவுக்கு வந்தது.

வங்கிகள் பல மாநிலங்களில் கிளை திறக்க 1994-இல் இடம் கிடைத்ததும் இன்னொரு சிக்கல் எழுந்தது: பத்து மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் வங்கி எங்கே அமைந்திருக்கிறது? மத்திய வைப்புக் காப்பீட்டுக் கழகம் 1998-இல் கொடுத்த விளக்கம், கடனின் மூன்று செயல்களைப் பிரித்துப் பார்க்கச் சொன்னது. கடன் கொடுக்கலாம் என்று முடிவெடுப்பது, அந்த முடிவைக் கடனாளிக்கு அறிவித்துக் கடனை வழங்குவது, பணத்தைக் கையளிப்பது ஆகிய மூன்றும் ஒரு கிளையிலேயே நடந்தால் அந்தக் கிளை இருக்கும் மாநிலத்தின் வட்டிச் சட்டம் செல்லும். இல்லையேல் தாய் மாநிலத்தின் சட்டத்தை வங்கி கைக்கொள்ளலாம். கடனாளி எங்கே இருக்கிறார் என்ற கேள்வி இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

இணையக் கடன் நிறுவனங்கள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான். யூட்டா மாநிலத்தில் கடனாளியும் வங்கியும் ஒப்புக்கொண்ட வட்டி எதுவானாலும் அதற்குச் சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. வங்கி உரிமம் இல்லாத ஒரு நிறுவனம் விளம்பரம் செய்து கடனாளியைத் தேடிப் பிடிக்கிறது, அவருடைய தகுதியைத் தன் கணினி நிரலால் எடைபோடுகிறது. யூட்டாவின் மாநிலப் பட்டய வங்கி ஒன்று தன் பெயரில் கடனைக் கொடுக்கிறது. சில நாட்களிலேயே அந்தக் கடனை, அல்லது அதன் பெரும்பகுதியை, அதே நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டு வசூலையும் தானே நடத்துகிறது. அந்நிறுவனம் தன் பெயரில் கடன் கொடுத்திருந்தால் கடனாளியின் மாநில வரம்பு குறுக்கே நின்றிருக்கும். வங்கியின் பெயர் ஆவணத்தில் ஏறியதால் அது விலகிவிடுகிறது. இதை எதிர்ப்பவர்கள் 'வாடகை வங்கி' முறை என்று அழைக்கிறார்கள்.

வட்டியின் எண் கடனாளியின் வீட்டில் என்னவாக மாறுகிறது என்பதைப் பார்த்தால்தான் இதன் கனம் விளங்கும். 1,000 டாலரைப் பன்னிரண்டு சமமான மாதத் தவணைகளில் திருப்பிச் செலுத்துவதாகக் கொண்டால், ஆண்டுக்கு 36 சதவீத வட்டியில் தவணை ஏறத்தாழ 100 டாலர்; ஆண்டு முடிவில் வட்டியாகப் போனது 205 டாலர். இத்தகைய கூட்டுகளின் வழியாகக் கொடுக்கப்பட்டிருக்கும் 160 சதவீத வட்டியில் தவணை 171 டாலருக்கு மேல். வாங்கிய 1,000 டாலருக்கு ஆண்டு முடிவில் ஏறத்தாழ 2,058 டாலர் கட்டியாக வேண்டும். கார் பழுதானதால், மருத்துவச் செலவால், வாடகைக்குக் குறைந்ததால் கடன் தேடியவர் மாதம் 71 டாலர் கூடுதலாகக் கொடுக்கும் வல்லமை உடையவராக இருந்திருந்தால், பெரும்பாலும் அந்தக் கடன் அவருக்குத் தேவைப்பட்டே இருக்காது. கடன் கொடுப்பவரின் இடர் அதிகம் என்பதால் வட்டியும் அதிகம் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்த வட்டியே இடரைப் பெருக்குகிறது என்பதும் அதே அளவு உண்மை.

2015-இல் நியூயார்க் வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், வங்கி கொடுத்த கடனை வாங்கிய வசூல் நிறுவனம் வங்கிக்குரிய வட்டி உரிமையைக் கோர முடியாது என்றது. கடன் கொடுக்கப்பட்டபோது செல்லுபடியான வட்டி, அது கைமாறிய பின்னும் செல்லும் என்று மத்திய அமைப்புகள் 2020-இல் விதி வகுத்து அந்தத் தீர்ப்பின் வலுவைக் குறைத்தன. மறுபுறம், படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் கொடுக்கும் கடனுக்கு 36 சதவீதமே உச்சம் என்று 2006-இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. கடன் கொடுக்கும் வங்கி யூட்டாவில் இருந்தாலும் டெலவேரில் இருந்தாலும் அந்த வரம்பு படைவீரரோடு கூடவே செல்கிறது. கடனாளியைப் பின்தொடரும் வட்டி வரம்பு நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்வோர்க்கு இச்சட்டமே போதிய மறுமொழி. தெற்கு டகோட்டாவும் தன் பழைய முடிவை ஓரளவு மாற்றிக்கொண்டது: 2016-இல் அம்மாநில வாக்காளர்கள், உரிமம் பெற்ற கடன் நிறுவனங்களுக்கு 36 சதவீத வரம்பைப் பெரும்பான்மை வாக்கால் விதித்தார்கள். வங்கிகள் மட்டும் அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

1980-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கு ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருந்தது. தன் மாநிலத்தில் கொடுக்கப்படும் கடன்களுக்கு 521-ஆம் பிரிவு பொருந்தாது என்று எந்த மாநிலமும் சட்டம் செய்து விலகிக்கொள்ளலாம் என்கிறது அதன் 525-ஆம் பிரிவு. தொடக்கத்தில் விலகிய சில மாநிலங்களுள் பெரும்பாலானவை பின்னர் தம் வங்கிகளின் நலன் கருதித் திரும்பிவிட, அயோவாவும் புவேர்ட்டோ ரிக்கோவும் மட்டுமே எஞ்சின. சம்பள நாள் வரை கொடுக்கும் சிறு கடனுக்கு 36 சதவீத வரம்பை 2018-இல் பொது வாக்கெடுப்பால் ஏற்ற கொலராடோ, 2023 ஜூனில் இந்த விலகலுக்கான சட்டத்தை இயற்றியது. அது 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வருவதாக இருந்தது. வெளிமாநில வங்கிகளின், கடன் நிறுவனங்களின் சங்கங்கள் டென்வர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன.

வழக்கு ஒரே கேள்வியில் நின்றது: யூட்டா வங்கியிடம் கொலராடோவில் வாழ்பவர் வாங்கும் கடன் எந்த மாநிலத்தில் கொடுக்கப்பட்ட கடன்? கடனைக் கொடுப்பது வங்கி, ஆகவே வங்கி செயல்படும் இடமே கடன் கொடுக்கப்பட்ட இடம் என்று கொண்ட மாவட்ட நீதிபதி டேனியல் டொமெனிக்கோ, 2024 ஜூனில், வெளிமாநில வங்கிகளின் மீது அச்சட்டத்தைச் செயற்படுத்த இடைக்காலத் தடை விதித்தார். இந்த விளக்கத்தை ஏற்றால் விலகும் உரிமைக்குப் பொருளே இல்லாமற்போகிறது. மாநிலம் தன் சொந்த வங்கிகளின் கையை மட்டும் கட்டிவிட்டு, வெளியிலிருந்து வரும் வங்கிகளுக்கு வழிவிட்டு நிற்க வேண்டியதாகிறது. மத்திய வைப்புக் காப்பீட்டுக் கழகமே அப்போது கொலராடோவின் பக்கம் நின்று வாதிட்டது. 2025 நவம்பரில் பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கடன் என்பது கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து செய்யும் ஒப்பந்தம், இருவருள் ஒருவர் மாநிலத்துக்குள் இருந்தாலும் அது அம்மாநிலத்தில் கொடுக்கப்பட்ட கடனே என்று இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் முடிவுசெய்து தடையை நீக்கியது.

இந்தத் தீர்ப்பு நிலைத்து, மற்ற மாநிலங்களும் கொலராடோவின் வழியில் விலகினால், மாநிலப் பட்டய வங்கிகளைப் பொறுத்தவரை வட்டி வரம்பு மீண்டும் கடனாளியின் மாநிலத்துக்குத் திரும்பும். ஆனால் 525-ஆம் பிரிவின் விலகல் மாநிலப் பட்டய வங்கிகளையே தொடும். 1864-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய வங்கிகளை எந்த மாநிலமும் அதைக் கொண்டு கட்டுப்படுத்த இயலாது. யூட்டாவின் மாநில வங்கியோடு கூட்டு வைத்திருக்கும் இணைய நிறுவனம் நாளை தேசிய வங்கி ஒன்றைத் தேடிப் போகலாம். கொலராடோவுக்குள் மாநில வங்கிக்கு ஒரு வட்டி, தேசிய வங்கிக்கு வேறு வட்டி என்று 1980-க்கு முன்னிருந்த அதே ஏற்றத்தாழ்வும் திரும்பிவரலாம். அதைத் தீர்க்கும் அதிகாரம் கொலராடோவின் டென்வரிலும் இல்லை, யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியிலும் இல்லை. 1978-இல் பிரென்னன் யாரிடம் விட்டாரோ அந்த நாடாளுமன்றத்திடமே இருக்கிறது.